பென்சில் வட்டம்

முதல் தரம் மூண்டு பேர் இருந்தவை.
நடுவில இருந்த மனுசி
ஒரு கேள்வியும் கேக்கேல்ல.
என்ர சுயவிவரத்தில
பதினெட்டாம் ஆண்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில
வெறுமையாய்க் கிடந்த இரண்டு விரல் அகலத்தைப்
பென்சிலால வட்டம் போட்டா.
வடிவான வட்டம்.
பேந்து தேத்தண்ணியைக் குடிச்சா.

நேற்றுப் பின்னேரம் போன் வந்தது.
சனிக்கிழமை ஒன்பதரைக்குத் திரும்ப வரட்டாம்.
இந்த முறை முதலாளியும் இருப்பாராம்.
‘ஒறிஜினல் எல்லாம் கொண்டு வாங்கோ’ எண்ட பெடியன்
வைக்கிறதுக்கு முதல் குரலைத் தாழ்த்தி
‘ஓல் த பெஸ்ட் அக்கா’ எண்டான்.

குருநகரில நண்டு ஏத்துமதி செய்யிற கொம்பனி.
ஆவணப் பிரிவில உதவியாளர் வேலை.
எந்தப் பெட்டியில எத்தனை கிலோ,
எந்தக் கடதாசி எந்தப் பிளேனுக்கு முதல் போகவேணும்.
ஒரு கையெழுத்துப் பிழைச்சால்
கட்டுநாயக்காவில பெட்டியோட நண்டு நாறும்.
எல்லாம் வாசிச்சு வைச்சிருக்கிறன்.
நண்டின்ர விஞ்ஞானப் பெயர்கூடப் பாடம்.
அதை ஒருத்தரும் கேக்கப் போறேல்ல.

வட்டத்தைத்தான் கேப்பினம்.

தங்கச்சி யதுர்சிகா
அப்பாவின்ர கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
கட்டில்ல சப்பாணி கட்டி முதலாளியாகிறாள்.
‘மிஸ் கௌசிகா, அந்த நாலு வருசம் என்ன செய்தனீங்கள்?’
‘குடும்பக் காரணங்கள்.’
‘என்ன குடும்பம்?’
நான் நிலத்தைப் பாத்தன்.
‘நிலத்தைப் பாக்காத அக்கா.’
இரண்டாம் தரம் சுவரைப் பாத்தன்.
மூண்டாம் தரம் அவளே கண்ணாடியைக் கழட்டி
‘வேற கேள்வி கேக்கட்டே?’ எண்டாள்.

எழுத்து நடந்தது.
அவர் ஸ்காபரோவுக்குத் திரும்பினார்.
நான் விசாவுக்கு இருந்தன்.
இருந்தன் எண்டது சரியான சொல்லில்லை.
பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் மொழிபெயர்ப்பிச்சு,
பெயரில ஒரு எழுத்துப் பிழையெண்டு
கச்சேரிக்கு ஆறு தரம் அலைஞ்சு,
பொலிஸ் றிப்போட் காலாவதியாகத் திரும்ப எடுத்து,
மருத்துவச் சோதனைக்கு இரவு பஸ்ஸில கொழும்பு போய் வந்து,
கலியாணப் படம் அறுபதின்ர பின்பக்கமும்
ஆர் நிக்கினம், என்ன முறை எண்டு எழுதி,
நாங்கள் கதைச்சதுக்குச் சாட்சியாய்
வட்ஸப்பில வந்ததுபோனது
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைத் திகதிப்படி அடுக்கி —

சாப்பிட்டியா
ஓம், நீங்கள்
இஞ்ச ஸ்னோ
இஞ்ச கரண்ட் இல்லை

— மஞ்சள், நீலம், சிவப்பெண்டு ஒட்டுத்தாள் வைச்சு
எல்லாத்தையும் அனுப்பினன்.
கோவையில ஒரு குறையுமில்லை.
ஆள்தான் குறைஞ்சு போனார்.

இரவு லாச்சியை இழுத்து
என்ர பிரதியை வெளியில எடுத்தன்.
எரியெண்டு அம்மா எத்தனை தரம் சொல்லிப்போட்டா.
புரட்டேக்குள்ள அழுகை வருமெண்டு பாத்தன்.
நூற்றி நாற்பதாம் பக்கத்தில
திகதி ஒண்டு மாறி அடுக்குப்பட்டிருந்தது.
கம்பியைக் கழட்டிச் சரியாய் வைச்சன்.

வாசலில நிண்ட யதுர்சிகா
‘இதைச் சொல்லன் அக்கா’ எண்டாள்.
‘எதை?’
‘இப்ப செய்ததை.’
சொல்லிப்போட்டுப் பல்லு மினுக்கப் போட்டாள்.

கஸ்தூரியார் வீதியில
சுயவிவரம் நாலு பிரதி எடுக்கக் குடுத்தன்.
கடைப் பெடியன் திரையைப் பாத்து,
‘இதில ஒரு இடைவெளி கிடக்கு அக்கா,
மேல இழுத்து மூடிவிடட்டே?
ஆருக்கும் தெரியாது’ எண்டான்.
நல்ல பெடியன்.
இருக்கட்டும் தம்பி எண்டன்.
பென்சிலுக்கும் ஒரு இடம் வேணுமே.

வரேக்குள்ள பண்ணைப் பக்கம் ஸ்கூட்டியை நிப்பாட்டி
கடலுக்குச் சொல்லிப் பாத்தன்:
‘நாலு வருசம் ஒரு கோவையைப் பாத்துக்கொண்டனான் சேர்.
ஒரு கடதாசியும் துலையேல்ல.’
காத்து தலைமயிரை வாய்க்குள்ள போட்டுது.
துப்பிப்போட்டுத் திரும்பச் சொன்னன்.
‘துலையேல்ல’ எண்ட இடத்தில
குரல் கொஞ்சம் உடையுது.
அந்த இடத்தில தண்ணி குடிக்கலாம்.
மேசையில தண்ணி வைப்பினமோ தெரியாது.
போன முறை தேத்தண்ணிதான் இருந்தது, அதுவும் அவைக்கு.
பையில ஒரு போத்தில் வைக்கவேணும்.
கிளிப்பும் இரண்டு.